உங்கள் வலது கையின் எண்கள்

அக்கா,

இன்று காலை திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு சமுதாயக் கூடத்தில் கருவிகளை மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். முதலில் வந்த பெண்மணி நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை நீட்டினார். எலுமிச்சைத் தோலின் வாசனை வந்தது. அதற்குக் கொஞ்சம் அடியில் மீன் வாசனையும் இருந்தது. படிக்க வேண்டிய அட்டையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். உடம்பு சரியில்லையா என்று அவரே என்னைக் கேட்கும்படி ஆயிற்று. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, துடைத்த கருவியையே இன்னொரு முறை துடைத்தேன்.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. மீன் நறுக்குகிற எத்தனையோ பெண்கள் எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக்கொள்கிறார்கள். இருந்தாலும் எனக்கு அது உங்கள் வாசனைதான்.

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். எந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு எந்த வயதில் கையும் விரலும் எவ்வளவு வலுவாக இருக்கும், எப்போது குறையத் தொடங்கும் என்று பார்க்கிற ஆய்வு அது. தாமாக முன்வந்து கை கொடுக்கிறவர்கள் இருந்தால்தான் நடக்கும். பிசியோதெரபி படித்து முடித்து நான் சேர்ந்த முதல் வேலை. முதல் இடம் உங்கள் கல்மண்டபம்.

முதல் இரண்டு நாள் ஒருவரும் வரவில்லை. அந்த மிஷின் உடம்பில் இருக்கிற தெம்பை உறிஞ்சிவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். வாடகைக்கு எடுத்த கூடத்தில் நானும் இரண்டு கருவிகளும் நாற்காலியும் மட்டும். ஒரு கருவி முழுக் கையால் அழுத்துவதற்கு. இன்னொன்று கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துக் கிள்ளுவதற்கு. இரண்டிலும் ஒரு முள் நகர்ந்து எத்தனை கிலோ என்று காட்டும். பொழுது போகாமல் என் கையையே அளந்து அளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும் இருபத்தாறுதான்.

மூன்றாம் நாள் மத்தியானம் இடுப்பில் காலிக் கூடையோடு நீங்கள் வந்தீர்கள். காசிமேட்டில் மீன் வெட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற வழி. உள்ளே வராமல் வாசல் குழாயடியில் நின்று முந்தானை முடிச்சிலிருந்து எலுமிச்சைத் தோலை எடுத்து, விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினீர்கள். "கை நாறும்மா. உன் மிஷினு மூக்க மூடிக்கப் போவுது" என்றீர்கள்.

ஒப்புதல் படிவத்தை நீட்டியபோது நான் கைநாட்டு வைக்கிற மைப்பெட்டியையும் சேர்த்து நீட்டிவிட்டேன். நீங்கள் அதை மெதுவாக என் பக்கமே தள்ளிவிட்டு, பேனாவை வாங்கி, உங்கள் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினீர்கள். எனக்கு முகம் சிவந்துபோயிற்று. நீங்கள் கண்டும் காணாததுபோல் இருந்தீர்கள். அன்றைக்கே நீங்கள் எனக்குப் பிடித்துப்போன ஆளாகிவிட்டீர்கள்.

அட்டையில் இருப்பதை ஒரே மாதிரிதான் எல்லாருக்கும் படிக்க வேண்டும். முதுகை நிமிர்த்தி உட்காருங்கள், முழங்கையை மடக்குங்கள், நான் சொல்லும்போது முடிந்தவரை பலமாக அழுத்துங்கள் என்று படித்தேன். நியூஸ் வாசிக்கிறாயா என்று கேட்டுச் சிரித்தீர்கள். பிறகு அழுத்தினீர்கள். முள் முப்பத்தாறில் போய் நின்றது. கிள்ளுகிற கருவியில் பதினொன்று. வலை இழுக்கும் ஆண்களில்கூடப் பலர் அதைத் தொட மாட்டார்கள் என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. விடிந்ததும் கூடை கூடையாக நெத்திலித் தலை கிள்ளுகிற விரல்கள் அல்லவா? கடம்பாக் கணவாயின் தோலை ஒரே இழுப்பில் உரித்துப் போடுகிற விரல்கள்.

எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது, ஆய்வு முடிந்தபின் மருத்துவரே சொல்வார் என்பது விதி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் எட்டிப் பார்த்துவிட்டீர்கள். வெளியே போய் வாசலில் நின்று தெருவையே கூப்பிட்டீர்கள். கையைப் பிடிக்கிற மிஷினுக்கு இவ்வளவு பயமா என்று கேலி செய்தீர்கள். சாயங்காலத்துக்குள் முப்பது பேர் வந்தார்கள். அந்த வாரம் முழுவதும் கூட்டம்தான்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வாங்கக் காசிமேட்டுக்கு வர ஆரம்பித்தேன். எங்கள் அம்மா தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. மீன் விஷயத்தில் யாரையும் நம்ப மாட்டாள். நீங்கள் வெட்டித் தந்ததை மட்டும் திருப்பிப் பார்க்காமல் சட்டியில் போட்டாள். உங்கள் வெட்டுக்கட்டைக்கு எதிரே நான் நின்றால், "இன்னாமே, இங்கியும் வந்து என் கையத்தான் பாக்குறியா?" என்பீர்கள். ஆமாம் அக்கா, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதம் கழித்து எல்லாரையும் இரண்டாம் முறை அளக்க வேண்டும். அன்றைக்கு நீங்கள்தான் முதலில் வந்தீர்கள். ஆனால் எட்டிப் பார்க்கவில்லை. சிரிக்கவும் இல்லை. வலது கையால் அழுத்தினீர்கள். இருபத்திரண்டு. ஒரு நிமிஷம் விட்டு மறுபடி. இருபத்தொன்று. மூன்றாம் முறை இருபது. கிள்ளும் கருவியில் ஐந்து.

கருவி கெட்டுவிட்டதென்றுதான் நினைத்தேன். நான் அழுத்திப் பார்த்தேன். இருபத்தாறு. சரிபார்ப்பதற்கென்று வைத்திருக்கும் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். இம்மி பிசகவில்லை. அப்போதுதான் உங்கள் கையைச் சரியாகப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருந்த சதை குழி விழுந்திருந்தது. அந்தக் குழியில் தோலுக்கு அடியில் எதுவோ சின்னச் சின்னதாகத் துடித்துக்கொண்டிருந்தது. அது எதன் அடையாளமாக இருக்கலாம் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஓர் ஆளின் கையில் அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

"இன்னா, கொறஞ்சிகீதா?" என்று கேட்டீர்கள்.

நான் முள்ளை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். "மிஷின்ல ஏதோ கோளாறு அக்கா. சரி பண்ணிட்டுக் கூப்பிடுறேன்."

உங்கள் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியதை நான் பார்த்தேன். அதானே பார்த்தேன், எனக்குத்தான் என்னவோ என்று பேஜாராகிவிட்டது என்றீர்கள். எழுந்து போகும்போது வாசலில் நின்றிருந்தவர்களிடம் மிஷின் ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டே போனீர்கள். பாதிப் பேர் அப்படியே திரும்பிப் போனார்கள்.

அன்றைக்கே தலைமை மருத்துவருக்கு எழுதினேன். அவர் வெளியூரில் இருந்தார். வந்ததும், ஆய்வின் நடுவில் ஒருவருக்கு முடிவைச் சொல்ல வேண்டுமென்றால் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும் என்று காகிதம் போட்டார். அது போய் வர ஐந்து வாரம் ஆயிற்று. இதெல்லாம் நடந்ததுதான். ஆனால் கூடத்திலிருந்து உங்கள் வெட்டுக்கட்டைக்குப் பத்து நிமிஷ நடை. விதி இருந்தது என்பதைவிட எனக்குப் பயம் இருந்தது என்பதுதான் உண்மை. அந்த ஐந்து ஞாயிறும் அம்மாவிடம் ஏதாவது சாக்குச் சொல்லிக் காசிமேட்டுக்குப் போகாமல் இருந்தேன்.

அனுமதிக் காகிதம் வந்த அதே வாரத்தில்தான் அந்தச் செய்தியும் வந்தது. கை கொடுக்க வந்த ஒரு பெண் பேச்சுவாக்கில் சொன்னார். ஒரு பெரிய பாறை மீனை வெட்டும்போது கத்தி உங்கள் வலது கைக்குள்ளேயே புரண்டு, மீனைப் பிடித்திருந்த இடது உள்ளங்கையில் இறங்கிவிட்டதாம். ஏழு தையல். நான் கருவிகளைக்கூட மூடாமல் கிளம்பி வந்தேன்.

உங்கள் மகள் ரேவதிதான் கதவைத் திறந்தாள். உங்கள் வீட்டுக்காரர் விசைப்படகோடு கடலுக்குப் போயிருந்தார். நீங்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். கட்டுப் போட்ட இடது கை மடியில் கிடந்தது. வா என்று கூப்பிடவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"மிஷினு ரிப்பேரு இல்ல, இல்ல?"

"இல்லக்கா."

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

உங்களுக்குக் கோபம் வந்தால் காசிமேடே கேட்கும். அதற்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் குரலை உயர்த்தாமல்தான் பேசினீர்கள். "எனக்கும் ரெண்டு மாசமா கத்தி வழுக்கிகினுதான் இருந்துச்சு. நீ மிஷினுன்னு சொன்னதும், அத்தயே புட்ச்சிகினேன். நீ மட்டும் அன்னிக்கு சொல்லிருந்தா கத்திய எட்துகினே இருந்துருக்க மாட்டேன்மா."

ரேவதி அழுதாள். நான் அழுதால் அதுவும் உங்கள் தலையில் ஒரு பாரம் ஏற்றுவதுபோல் ஆகும் என்று அடக்கிக்கொண்டேன். போகும்போது கூப்பிட்டுச் சொன்னீர்கள். "இனிமே எங்கிட்ட நம்பர மறைக்காத. இன்னா வந்தாலும் சொல்டு."

சரி என்றேன். மன்னிப்புக் கேட்டதாக நினைவில்லை. கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன்.

அரசு ஆஸ்பத்திரியில் கைகளில் ஊசியும் கம்பியும் வைத்து நரம்பைச் சோதித்தார்கள். தசைக்குச் சேதி கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகிற நோய் என்றார்கள். மருத்துவர் பேசியதில் பாதி உங்களுக்குப் புரியவில்லை. வெளியே வராண்டா பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் என்னைக் கேட்டீர்கள். மருந்து இருக்கிறதா என்று கேட்டீர்கள். கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது என்றேன். கை மட்டும்தானா என்று கேட்டீர்கள். கையில் ஆரம்பித்திருக்கிறது, அப்புறம் கால், பேச்சு, கடைசியில் மூச்சு என்றேன். ஒரு வார்த்தையையும் விழுங்காமல் சொன்னேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமாக எதையும் நான் சொன்னதில்லை.

நீங்கள் எழுந்து போய் டீக்கடையில் இரண்டு டீ சொன்னீர்கள். கிளாஸை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக் குடித்து முடித்தீர்கள். அப்புறம் ஒரு காரியம் கேட்டீர்கள். உங்கள் கையை நான் தொடர்ந்து அளந்து வர வேண்டும் என்றீர்கள்.

எதற்காக என்று எனக்கு விளங்கவில்லை. குறைவதை எண்ணிக்கொண்டிருப்பது வேதனைதானே என்றேன்.

"எத்தினி மிச்சம் கீதுன்னு தெரிஞ்சாதான், அத்த வெச்சி இன்னா பண்ணலாம்னு பாக்கமுடியும்" என்றீர்கள்.

தலைமை மருத்துவரிடம் கேட்டு, ஆய்வில் பயன்படுத்தாத பழைய கருவிகள் இரண்டை வாங்கிக்கொண்டேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உங்கள் வீட்டுக்கு வருவேன். நாற்காலி இல்லாததால் ரேவதியின் படிக்கும் ஸ்டூலில் உட்காருவீர்கள். அளந்து, எண்ணைச் சொல்லி, ஒரு நோட்டில் எழுதுவேன். நீங்கள் உடனே கணக்குப் போடுவீர்கள். பதினெட்டு இருந்தால் தண்ணீர்க் குடத்தை இடுப்புக்குத் தூக்கலாம். பதினான்கில் குடம் முடியாது, குண்டான் முடியும். கிள்ளும் கருவியில் மூன்று இருந்தால் ரவிக்கைக் கொக்கி மாட்டலாம். இப்படி ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வேலை உங்களிடம் இருந்தது. எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்காத அட்டவணை அது. ஒவ்வொரு முறையும் ஒரு வேலையை நீங்களே நிறுத்தினீர்கள். முடியாமல் போகும்வரை காத்திருக்கவில்லை.

முதலில் நிறுத்தியது கத்தியை. இடது கைத் தையல் ஆறியதும் ஒரு நாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு காசிமேட்டுக்குப் போனீர்கள். உங்கள் நாத்தனார் அதற்கு முன்பே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டையைக் கழுவி, கத்தியைத் துடைத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டீர்கள். வருஷக்கணக்காக உங்களிடமே வெட்டி வாங்குகிற பெரியவர் ஒருவர் வஞ்சிரத்தோடு வந்து, நீ வெட்டவில்லையா என்று கேட்டார். கை வலு குறைவதை யாரிடமும் சொல்லாமல் இரண்டு மாதம் மறைத்தவர் நீங்கள். வாடிக்கை பக்கத்துக் கட்டைக்குப் போய்விடும் என்ற பயம் உங்களுக்கு இருந்தது எனக்குத் தெரியும். அன்றைக்கு அவரைப் பார்த்து நேராகச் சொன்னீர்கள். "என் கை வலு பூட்ச்சு நைனா. இனிமே இவ வெட்டுவா. எப்டி வெட்டணும்னு நான் சொல்லிகினு இருப்பேன்."

பெரியவர் மீனை உங்கள் நாத்தனாரின் கட்டையில் வைத்தார். எப்போதும்போல அங்கேயே நின்று வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டாவது காரியம் ரேவதியின் தலைமுடி. அவள் படிப்பை முடித்து எம்.கே.பி. நகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேரவிருந்தாள். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து பின்னல் போட மறுத்தவள். முடியைத் தழைய விட்டு ஒரு கிளிப் மாட்டிக்கொண்டு போவாள். அதற்காக உங்கள் இருவருக்கும் நடந்த சண்டைகளை நானே கேட்டிருக்கிறேன். அன்று அளந்தபோது கிள்ளும் கருவியில் இரண்டரை. வேலைக்குச் சேர இன்னும் மூன்று வாரம் இருந்தது. அன்றைக்கு உங்களால் பின்னல் போட முடியுமா என்று கேட்டீர்கள். இறங்குகிற வேகத்தைப் பார்த்தால் சந்தேகம்தான் என்றேன்.

கேட்டுக்கொண்டிருந்த ரேவதி சீப்பை எடுத்துக்கொண்டு வந்து உங்கள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் உட்கார்ந்தாள். முதலில் கால் மணி நேரம் ஆனது அரை மணி ஆயிற்று, பிறகு முக்கால் மணி. வேலைக்குச் சேர்ந்த அன்றும் நீங்கள்தான் பின்னினீர்கள். பின்னல் கோணல்மாணலாக இருந்தது. ரிப்பன் முடிச்சை மட்டும் நான் போட்டேன். அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு காலை, மூன்று புரிகளையும் ஒன்றின்மேல் ஒன்று எடுத்து வைக்க மட்டுமே முடிந்தது, இறுக்க முடியவில்லை. கையை எடுத்ததும் முடி பிரிந்து முதுகில் விழுந்தது. ரேவதி திரும்பிப் பார்க்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அப்படியே பஸ் ஏறினாள். அன்று முழுவதும் வேலையிடத்தில் அந்த முடியை அவள் தொடவேயில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். உங்களிடம் சொன்னாளா என்று தெரியவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

கருவியைப் பிடிக்கவே முடியாமல் போனபின்னும் நான் வருவதை நிறுத்தவில்லை. நீங்களும் நிறுத்த விடவில்லை. உங்கள் வீட்டுக்காரர் கடலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். அவர் கருவியின் அடிப்பக்கத்தைத் தாங்கிப் பிடிப்பார், நான் உங்கள் விரல்களைப் பிடியில் சுற்றி வைப்பேன். அட்டையில் இருப்பதை அதே குரலில் படிப்பேன். முள் அசையாது. பூஜ்யம் என்று சத்தமாகச் சொல்லி எழுதுவேன். உங்களிடம் மறைக்கக் கூடாதே. உங்கள் முகத்தில் ஒருமாதிரி திருப்தி தெரியும்.

இப்போதெல்லாம் எண் இறங்கியிருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன் அக்கா. விதியையும் மாற்றிவிட்டார்கள். தலைமை மருத்துவர் உங்கள் பெயரைச் சொல்லாமல் உங்கள் கதையைக் குழுவில் சொல்லித்தான் மாற்றினார். போன மாதம் எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் ஒருவருக்குக் கிள்ளும் வலு பாதியாகக் குறைந்திருந்தது. பேனாவை வைத்துவிட்டு நேராகச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. நானும் அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. அவருக்குக் கழுத்தெலும்பு நரம்பை அழுத்தியிருந்தது, சரிசெய்துவிடலாம் என்றார்கள். எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன். உங்களுக்கு வாய்க்கவில்லை.

கடைசியாக நாம் பேசியதை எழுதிவிட்டு முடிக்கிறேன்.

உங்கள் பேச்சு குழறிப்போயிருந்தது. நீங்கள் சொல்வதை ரேவதிதான் எனக்கு எடுத்துச் சொல்வாள். அன்று அவள் வேலைக்குப் போயிருந்தாள். ஆய்வின் முதல் பகுதி முடிந்து புத்தகமாக வரப்போவதை யாரோ உங்களிடம் சொல்லியிருந்தார்கள். அதில் உங்கள் எண் இருக்கிறதா என்று கேட்டீர்கள். கேட்டு முடிக்க மூன்று முறை முயல வேண்டியிருந்தது.

இருக்கிறது என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். அது உங்களைச் சந்தோஷப்படுத்தியிருக்கும். யாரும் போய்ச் சரிபார்க்கப் போவதில்லை.

"இல்லக்கா. நரம்பு நோய் இருக்கிறவங்க கணக்கை ஆய்வுல சேர்க்கக் கூடாதாம். உங்களோடத எடுத்துட்டாங்க" என்றேன்.

எடுத்துவிட்டார்களா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினீர்கள். முதல் முறை போட்டதையுமா என்று கண்ணாலேயே கேட்டீர்கள். அதையும்தான் என்றேன். நீங்கள் கூப்பிட்டு வந்த முப்பது பேரும் அதில் இருக்கிறார்கள், உங்களைத் தவிர. பிறகு வாயைச் சேர்த்துச் சேர்த்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னீர்கள். இந்த முறை எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்போ... உன்னாண்ட... வெச்சிக்கோ."

பதினோரு நாள் கழித்து, மார்ச்சளி கட்டி, ஒரு விடியற்காலையில் நீங்கள் போய்விட்டீர்கள். வீட்டில் அளந்ததெல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. அது என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. ரேவதி கேட்டால் கொடுப்பேன். அவள் இதுவரை கேட்கவில்லை. இருக்கிறதுதானே என்று மட்டும் எப்போதாவது போனில் கேட்பாள்.

இருக்கிறது என்பேன்.